வீழ்த்திய கையே தாங்கும் கை

ஜூடோ கலையின் தந்தையாகிய கானோ ஜிகோரோ, 1860ஆம் ஆண்டு ஜப்பானில் கோபே நகரை அடுத்த மிகாகே என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து டோக்கியோ சென்றார். கல்வியில் சிறந்த அவர் உருவிற் சிறியவர்; உடல் மெலிந்தவர். வலிய மாணவர்களின் கொடுமைக்கு ஆளாகியதால், மெலியாரும் வலியாரை வெல்லத் துணைபுரியும் ஜூஜுட்சு என்னும் பழைய போர்க்கலையை அவர் உள்ளம் நாடியது.

சாமுராய் மரபு மறைந்து, அக்கலையும் மதிப்பிழந்திருந்த காலம் அது. ஆசிரியரைத் தேடி அலைந்து, 1877இல் புகுடா ஹாசினோசுகேயிடம் பயிலத் தொடங்கினார். ஆசிரியர்கள் அடுத்தடுத்து மறைந்தபோதும் முயற்சியைக் கைவிடவில்லை. பல மரபுகளைக் கற்று, ஊறு விளைக்கும் பிடிகளைப் பயிற்சி ஆட்டத்தினின்று விலக்கி, 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் புத்தர் கோயிலில் கோடோகன் பள்ளியை நிறுவினார். அன்று இருந்தவை 12 பாய்கள். மாணவர் 9 பேர்.

ஜூடோ என்பதற்கு மென்மை நெறி என்பது பொருள். தள்ளுபவனை எதிர்த்துத் தள்ளாமல், அவன் விசைக்கு இசைந்து, அவன் நிலைகுலையும் கணத்தில் வீழ்த்துவது அதன் நுட்பம். ஆயினும் மாணவன் முதலிற் கற்பது வீழ்த்துவதன்று, வீழ்வதே. தலை நிலத்திற் படாமல், கையால் பாயை அறைந்து விழப் பழகிய பின்னரே எறியக் கற்பான். எறிபவனும் எதிரியின் சட்டைக்கையை விடாது பற்றி, அவன் ஊறின்றி விழத் துணைநிற்பான். கோபுரத்தினின்று வீழ்ந்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிய கதை கேட்டு வளர்ந்த திருவண்ணாமலை மக்களுக்குத் தாங்கும் கையின் அருமை நன்கு விளங்கும். இங்கோ, வீழ்த்திய கையே தாங்குகிறது. எதிரியின்றிப் பயிற்சி இல்லை; ஆதலின் அவன் பேணத்தக்கவன். ஆற்றலை நன்கு பயன்படுத்துதல், தானும் பிறரும் ஒருங்கே உயர்தல் என்னும் இரண்டையும் கானோ தம் நெறியாக வகுத்தார்.

இக்கலையை நம் நாட்டிற்கு அழைத்தவர் ஒரு கவிஞர் என்பது எண்ணி மகிழத்தக்கது. இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனத்தில் 1905இலேயே சானோ ஜின்னோசுகே ஜூடோ கற்பித்தார். 1929இல் கோடோகனில் பயின்ற டகாகாகி ஷின்சோ வந்து, மாணவியர்க்கும் பயிற்சி அளித்தார்.

கானோ 1909இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார். 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவை டோக்கியோவில் நடத்த அரும்பாடுபட்டார். 1938இல் கெய்ரோவில் நடந்த கூட்டத்தின்பின் தாயகம் திரும்புகையில், மே 4ஆம் நாள் கப்பலிலேயே உயிர் நீத்தார். சீனப் போரில் மூழ்கிய ஜப்பான் அவ்வாண்டே அவ்விழாவைக் கைவிட்டது.

1964இல் டோக்கியோ ஒலிம்பிக் விழாவில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பானிய வீரர் காமினாகாவை நெதர்லாந்தின் ஆன்டன் ஹீசிங்க் வென்றார். களிப்பு மிகுந்து ஆடுகளத்துள் ஓடிவந்த தம் நாட்டவரை அவர் கையுயர்த்தித் தடுத்தார். ஜப்பான் தோற்ற அந்நாளில் கானோவின் நெறி வென்றது.