கல்லணையிடம் பாடம் கேட்ட பொறியாளர்

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது பேச்சுப் போட்டி ஒன்றில் கல்லணையைப் பற்றிப் பேசினேன். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனனம் செய்து, கரிகாலன் பெயர் வரும் இடங்களில் கையை உயர்த்தி முழங்கினேன். முதல் பரிசு கிடைத்தது. அன்றிலிருந்து கல்லணையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்துக் கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டில் அந்த நினைப்பு உடைந்தது. ஆற்று மணலின்மீது அணை கட்டுவது பற்றிய விரிவுரை அது. நான் கையை உயர்த்தி, எங்கள் முன்னோர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அப்படி ஓர் அணையைக் கட்டிவிட்டார்கள் என்று பெருமையோடு சொன்னேன். விரிவுரையாளர் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. அந்த அணை மணலில் புதைந்து போகாமல் எப்படி நிற்கிறது என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. முழங்கத் தெரிந்த எனக்கு விளக்கத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான் சர் ஆர்தர் காட்டன் என்னும் மனிதரைச் சந்தித்தேன். அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. தமிழர் அல்லர், நம்மை ஆண்ட இனத்தைச் சேர்ந்தவர். ஆனால் அந்தக் கேள்வியை எனக்கு முன்னரே, கல்லணையின் முன்னால் நின்று கேட்டவர் அவர்.

பதினெட்டு வயதில் சென்னைக்கு

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் பிறந்தார். பதினோரு ஆண்பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பத்தாமவர். பதினைந்தாம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் இராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1819இல் சென்னைப் பொறியாளர் படையில் அதிகாரியானார். 1821இல் சென்னை வந்து இறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. இன்று நாம் எஸ்.பி.எம். முடித்து எங்கே போவது என்று தவிக்கும் வயது அது.

தொடக்கத்தில் ஏரி, குளங்களைப் பராமரிக்கும் பிரிவில் பணியாற்றினார். இராமேசுவரத்தை அடுத்த பாம்பன் கால்வாயை அளந்தார். இடையில் 1824இல் மூண்ட முதலாம் பர்மியப் போரிலும் பங்கு பெற்றார். திரும்பி வந்தபின், 1820களின் இறுதியில் காவிரிப் பாசனப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருடைய வாழ்க்கை அங்கேதான் திரும்பியது.

காவிரிக்கு வந்த நோய்

அப்போது காவிரிப் படுகை தண்ணீரின்றி மெலிந்து கொண்டிருந்தது. காரணம் மழைக் குறைவன்று, ஆற்றின் போக்கு.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. இரண்டுக்கும் நடுவில் திருவரங்கம் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. அதன் வழியும் நேரானது. ஆகவே தண்ணீர் இயல்பாகவே கொள்ளிடத்தை நாடி ஓடிக் கடலில் கலந்துவிடும். வயல்களுக்குச் செல்ல வேண்டிய காவிரியிலோ வண்டல் படிந்து படுகை மேடாகிக் கொண்டே வந்தது. மேடாக ஆக, இன்னும் குறைவான தண்ணீரே அதில் புகும். தீவின் கிழக்கு முனையருகே காவிரி நீர் மீண்டும் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுப்பதே கல்லணையின் வேலை. அதைக் கல்லணை பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்தது. ஆனால் அதே அணை வண்டலையும் தடுத்து நிறுத்தியது. 1804இல் கால்டுவெல் என்ற இராணுவப் பொறியாளர் (நாம் அறிந்த கால்டுவெல் பாதிரியார் அல்லர்) கல்லணையின் உயரத்தைக் கூட்டிப் பார்த்தார். நோய் தீரவில்லை.

காட்டன் செய்த முதல் வேலை, இருப்பதைப் படித்தது. ஏறத்தாழ 1,080 அடி நீளத்துக்கு வளைந்து கிடக்கும் அந்த அணையை அவர் ஆராய்ந்தார். எனக்கு வகுப்பில் தெரியாமல் போன விடை அங்கே இருந்தது. ஆற்று மணலுக்கு அடியில் பாறை தென்படாத இடம் அது. பழைய கட்டுநர்கள் பாறையைத் தேடித் தோண்டவில்லை. பெரிய கற்களை ஆற்றில் இட்டார்கள். ஈர மணலில் கல் தானாக இறங்கும். அதன்மேல் மேலும் கற்கள். இனி இறங்காது என்னும் நிலை வரும்வரை கல்லின்மேல் கல். இடையே பிடிப்புக்குக் களிமண். அணையின் எடையே அதற்கு அடித்தளத்தைத் தேடிக் கொடுத்தது. மணலை எதிரியாகக் கருதாமல் துணையாக்கிக் கொண்ட முறை இது.

இதைக் கண்டபோது காட்டன் தம் பள்ளிப் படிப்பை எண்ணி வெட்கப்பட்டிருக்கலாம், நமக்குத் தெரியாது. ஆனால் ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்நாட்டுப் பழைய கட்டுநர்களிடமிருந்துதான் கற்றோம் என்று பிற்காலத்தில் அவர் எழுதி வைத்தார். ஆளும் இனத்தவர் ஒருவர் ஆளப்படும் மக்களை ஆசான் என்று ஒப்புக்கொண்டது அந்தக் காலத்தில் சிறிய செய்தியன்று.

1830ஆம் ஆண்டளவில் கல்லணையில் அவர் மணற்போக்கி மதகுகளை அமைத்தார். அடியில் தங்கும் வண்டலை வெள்ளத்தோடு வெளியேற்றுவதற்கான வழி அது. அடுத்து, 1836இல் தொடங்கி, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், கிழக்கே வெகுதொலைவில் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். மேலணை தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பியது. கீழணை கொள்ளிடத்தில் மிஞ்சி ஓடும் நீரைப் பிடித்துப் பாசனத்துக்குத் தந்தது. இரண்டுக்கும் அடித்தள முறை கல்லணையின் வழிவந்ததே.

இதில் அவருடைய தவறும் உண்டு. மேலணை எதிர்பார்த்ததைவிட அதிகமாக வேலை செய்துவிட்டது. காவிரிக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ந்து படுகையை அரிக்கத் தொடங்கியது. பின்னர் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்டித்தான் சமன் செய்ய வேண்டியிருந்தது. ஆற்றை ஓரிடத்தில் தொட்டால் இன்னோர் இடத்தில் அது பதில் சொல்லும். இன்றைய பாடநூல்களிலும் இதுவே முதற்பாடம்.

கோதாவரி

கடும் உழைப்பும் காய்ச்சலும் அவர் உடலைப் பலமுறை சாய்த்தன. ஓய்வுக்காக ஆஸ்திரேலியப் பகுதிக்குச் சென்று, 1841இல் அங்கேயே எலிசபெத் லியர்மான்த் என்னும் பெண்ணை மணந்து திரும்பினார். அடுத்து அவர் கண்ணில் பட்டது கோதாவரி.

1832–33இல் தெலுங்கு மாவட்டங்களைப் பெரும் பஞ்சம் தாக்கியிருந்தது. 1839இல் புயலும் கடல் வெள்ளமும் கோரங்கிக் கரையை அழித்தன. இராஜமந்திரி மாவட்டத்தின் மக்கள்தொகை 1821இல் ஏழு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 1841இல் அது ஐந்தரை இலட்சத்துக்குச் சற்று மேலாகச் சுருங்கியது. இந்தியாவின் மிகப் பெரிய ஆறுகளுள் ஒன்று பக்கத்திலேயே ஓடிக் கடலில் கலக்க, அதன் கரையில் மக்கள் பட்டினியால் மாண்டார்கள். தஞ்சைக்குக் காவிரி செய்வதைக் கோதாவரி தன் படுகைக்கு ஏன் செய்யக்கூடாது என்பதே காட்டனின் வாதம். 1844இலும் 1845இலும் அறிக்கைகள் எழுதினார். 1846 இறுதியில் இலண்டன் ஒப்புதல் தந்தது.

தௌளேசுவரத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. அங்கே ஆறு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அகலம். ஆனால் இடையிடையே தீவுகள் உண்டு. ஆகவே ஒரே அணையை நான்கு துண்டுகளாகக் கட்டலாம். கரையிலேயே கல் வெட்டக் குன்று இருந்தது. காட்டில் வெட்டிய தேக்கு ஆற்றோடு மிதந்து வரும். 1847இல் வேலை தொடங்கி 1852இல் முடிந்தது. கல்கட்டின் மொத்த நீளம் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல். உயரமோ ஏறத்தாழ 12 அடிதான். தண்ணீரைத் தேக்குவது அதன் நோக்கமன்று. நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்தி வாய்க்கால்களுக்குத் திருப்புவதே நோக்கம். மிஞ்சிய வெள்ளம் அணையின் மேலேறி வழிந்து போகும். கல்லணையிடம் கற்ற அதே பணிவு.

கேட்ட பொறியாளர்களில் சிறு பங்கினரே அவருக்குக் கிடைத்தனர். ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் கல் உடைத்து, மண் சுமந்து அந்த அணையை எழுப்பினர். காட்டனின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது. அவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. கம்பெனி பணம் போட்டதும் வெறும் இரக்கத்தால் அன்று. நீர் பாய்ந்தால் நிலவரி கூடும் என்ற கணக்கும் அதில் இருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இந்த இரண்டையும் மறந்துவிட்டுக் காட்டனைப் புகழ முடியாது.

ஆயினும் விளைவு மறுக்க முடியாதது. பஞ்ச மாவட்டம் நெற்களஞ்சியமாயிற்று. 1852 முதல் 1855 வரை கிருஷ்ணா ஆற்றின் குறுக்கே விஜயவாடாவிலும், ஓர் என்னும் பொறியாளரின் பொறுப்பில், அணை எழுந்தது.

தோல்வியும் முதுமையும்

1860இல் ஓய்வு பெற்ற காட்டனுக்கு 1861இல் சர் பட்டம் கிடைத்தது. அதன்பின் நாற்பதாண்டு காலம் ஒரே கருத்துக்காக வாதாடினார். இந்திய அரசு இரயில் பாதைகளில் கொட்டும் பணத்தை வாய்க்கால்களில் போட வேண்டும். வாய்க்கால் வயலுக்கும் உதவும், படகுக்கும் உதவும் என்பது அவர் கட்சி. ஆறுகளை இணைக்கும் கனவையும் அவர் கண்டார்.

ஆனால் அவர் ஊக்குவித்த கர்நூல்–கடப்பைக் கால்வாய் நட்டத்தில் மூழ்கியது. கட்டிய தனியார் நிறுவனத்திடமிருந்து 1882இல் அரசே அதை வாங்க வேண்டியதாயிற்று. அந்தப் பகுதியின் கரிசல் மண் ஈரத்தைத் தானே பிடித்து வைக்கும். மானாவாரிப் பயிரிட்டுப் பழகிய உழவர்கள் காசு கொடுத்து வாய்க்கால் நீர் வாங்க முன்வரவில்லை. காவிரியில் மண்ணைக் கேட்டுக் கட்டியவரின் கருத்து, கர்நூலில் உழவரைக் கேட்காமல் தோற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1876–78 பெரும்பஞ்சத்தில் தென்னிந்தியாவில் பல இலட்சம் பேர் மாண்டனர். 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று எழுபத்தைந்து வயதுக் காட்டனை அழைத்து விசாரித்தது. குழுவின் முடிவு அவர் பக்கம் சாயவில்லை. அவர் சோர்ந்து உட்காரவில்லை. எழுபது வயதுக்கு மேல் அரபு மொழிக்குத் தொடக்கநிலை நூல் ஒன்று எழுதினார். டார்க்கிங் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழக் கிளறிக் கோதுமை பயிரிட்டுச் சோதனை செய்தார். 1899 ஜூலையில், தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார்.

கோதாவரிக் கரை ஊர்களில் இன்றும் அவருக்குச் சிலைகள் உள்ளன. பழைய அணைக்கு அருகே 1970களில் கட்டத் தொடங்கிய புதிய கதவணைக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. முக்கொம்பு மேலணையின் கதை வேறு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 180 ஆண்டுகளுக்கு மேல் நின்றது, பின் விழுந்தது. எந்த அணையும் ஒருமுறை கட்டி முடித்துவிடும் பொருளன்று. பார்த்துக் கொண்டே இருக்க வேண்டியது.

நமக்கு என்ன?

நான் வளர்ந்த கிரியான் வட்டாரத்தில், 1906இல் கட்டி முடித்த புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து நெல் வயல்களுக்குப் போகின்றன. சிறு வயதில் அந்த மதகுகளின்மேல் உட்கார்ந்து மீன் பிடித்திருக்கிறேன். அவை எப்படி வேலை செய்கின்றன என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. நம் முன்னோரில் பலர் காவிரிப் படுகையிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவர்கள். கல்லணை நமக்குச் சொந்தம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் சொந்தம் என்று சொல்வதற்கும் தெரியும் என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு கொள்ளிடம் ஓடுகிறது.

நம் மொழிக் கழகக் கூட்டங்களில் தமிழர் பெருமை பேசாத நாளில்லை. நானும் பேசியவன்தான். அந்தப் பெருமைகளை நாம் கைதட்டிக் கடந்துபோகிறோம். காட்டன் கல்லணையைப் பார்த்துக் கைதட்டவில்லை. எப்படி நிற்கிறது என்று கேட்டார், ஆராய்ந்தார், கற்றார், கற்றதை ஒப்புக்கொண்டார். பிறகுதான் கட்டினார்.

அடுத்த வாரமே விரிவுரையாளரின் அறைக்குச் சென்று, கற்கள் மணலில் இறங்கும் முறையைத் தாளில் வரைந்து காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அந்தத் தாளைத் தாமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பேச்சுப் போட்டியில் வாங்கிய முதல் பரிசைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது. தமிழ் படித்த நண்பர்களே, நம் பெருமைகளுள் ஏதேனும் ஒன்றையாவது நாம் இப்படி வரைந்து காட்டக் கற்றுக்கொள்வோம்.