மின்கலம் தந்த வோல்ட்டா

இத்தாலி நாட்டின் வடக்கே, ஏரிக்கரையில் அமைந்த கோமோ நகரில் 1745-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள் பிறந்தார் அலெசாந்திரோ வோல்ட்டா. குருக்களும் கன்னியரும் நிறைந்த குடும்பம் அது. நான்கு வயது வரை குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. பேசத் தொடங்கிய பின்போ படிப்பில் விரைந்து முன்னேறினார். பள்ளியில் இயேசு சபைக் குருக்கள் அவரைத் தம் சபையில் சேர்க்க விரும்பினர். வீட்டார் வழக்கறிஞராக்க விரும்பினர். அவர் மனமோ மின்சாரத்தை நாடியது. பின்னாளில் பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

போலோஞா நகரப் பேராசிரியர் கால்வானி, இறந்த தவளையின் காலை இருவேறு உலோகங்களால் தொட்டபோது அது துடிக்கக் கண்டார். மின்சாரம் தவளையின் உடலில் உள்ளது என்று 1791-இல் வெளியிட்டார். வோல்ட்டாவும் முதலில் வியந்தார், பிறகு ஐயமுற்றார். அந்த இரு உலோகங்களே காரணமாக இருக்கலாமே! தம் நாவின் மீதே இரு உலோகங்களை வைத்துப் பார்த்தார். புளிப்புச் சுவை தெரிந்தது. தவளைக்குப் பதில் தம் நாவையே கொடுத்த அந்தத் துணிவு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, மேலே உப்புநீரில் நனைத்த அட்டை. இப்படியே பல முறை அடுக்கினார். மேலும் கீழும் கம்பியால் இணைத்ததும் மின்சாரம் இடைவிடாது ஓடியது. இதுவே உலகின் முதல் மின்கல அடுக்கு. 1800-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைக் கடிதமாக எழுதினார். வேதிமாற்றமே மின்சாரத்தைத் தருகிறது என்பதை மட்டும் அவர் அறியவில்லை.

தொல்லைகளும் உடனே தொடங்கின. அட்டை உலர்ந்தால் மின்சாரம் நின்றது. தகடுகளின் பாரத்தால் உப்புநீர் பிதுங்கிப் பக்கவாட்டில் வழிந்தால் வலிமை குன்றியது. தகட்டில் களிம்பு ஏறினாலும் பயனில்லை. வோல்ட்டா சோர்ந்துவிடவில்லை. தகடுகளைத் துலக்கினார்; ஈரம் போகாதபடி அடுக்கை மெழுகால் மூடினார்; உப்புநீர்க் கிண்ணங்களை வரிசையாக வைத்து உலோகங்களால் இணைத்தும் பார்த்தார்.

முட்டத்திலும் குளச்சலிலும் படம் எடுக்கும் நம் டிஜிட்டல் கேமராவுக்கும் இதே தொல்லை உண்டு. முழுதும் சார்ஜ் ஏற்றிய பேட்டரி இருந்தும் கேமரா கண் திறக்காது. கடற்காற்றின் உப்பீரம் பேட்டரியின் முனைகளில் படிந்திருக்கலாம். கேமராவை நிறுத்தி, பேட்டரியை வெளியே எடுத்து, முனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தாலே பல வேளை சரியாகிவிடும். பென்சில் பேட்டரி போடும் கேமராவில் பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. ஒன்று தளர்ந்தாலும் வரிசை முழுவதும் தளரும். நெடுநாள் எடுக்காத கேமராவில் பேட்டரியை விட்டுவைத்தால் கசிந்து உள்ளே அரித்துவிடும். உப்பிய பேட்டரியையோ தொடவே வேண்டாம், பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

1801-இல் பாரிஸ் மாநகரில் நெப்போலியன் முன்னிலையில் வோல்ட்டா தம் சோதனைகளைச் செய்து காட்டினார். தங்கப் பதக்கமும் பின்னர் பிரபுப் பட்டமும் கிடைத்தன. எனினும் கோமோவில் அவர் சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்த எளிய விசுவாசியே. அறிவியல் கற்றவர் கடவுளை நம்புவாரா என்று சிலர் ஐயுற்றபோது, 1815-இல் தம் கத்தோலிக்க விசுவாசத்தை வெளிப்படையாக எழுதிக் கொடுத்தார். 1827 மார்ச் 5-ஆம் நாள் கோமோவிலேயே இறந்தார். 1881-இல் மின்னழுத்தத்தின் அலகுக்கு வோல்ட் என்று பெயரிட்டனர். கேமரா பேட்டரியின் மேல் 3.7 என்றோ 1.5 என்றோ பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்பது அவர் பெயரின் முதல் எழுத்துதான்.