இருபத்து மூன்று ஆண்டு கழித்து வந்த விருது



அரக்கோணம் ராஜாளி தளத்துக் கடற்படை விமானம் நம் பக்கம் பறந்தால் குழந்தைகள் மொட்டை மாடிக்கு ஓடுகிறார்கள். அடுத்த முறை அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அஜ்ஜமாட பொப்பய்யா தேவய்யா 1932-இல் குடகில் பிறந்தவர். 1954-இல் விமானப்படை அதிகாரியானார். பிறகு இளம் விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஆசிரியராகவும் இருந்தார். 1965 பாகிஸ்தான் போரின்போது பஞ்சாபின் ஆதம்பூரில், முதலாவது ஸ்குவாட்ரனில் இருந்தார்.

செப்டம்பர் 7, விடியற்காலை. பாகிஸ்தானின் பெரிய விமானத் தளமான சர்கோதாவைத் தாக்க மிஸ்டியர் விமானங்கள் கிளம்பின. தேவய்யா மாற்று விமானிதான். யாராவது போக முடியாவிட்டால் மட்டுமே அவர் சேர வேண்டும். அன்று அவரும் சேர்ந்து போனார்.

திரும்பும் வழியில் ஒரு ஸ்டார்ஃபைட்டர் அவரை மறித்தது. அது அமெரிக்கத் தயாரிப்பு, ஒலியைப்போல் இரு மடங்கு வேகம் போகும். பிரெஞ்சு மிஸ்டியரோ நேர்மட்டத்தில் பறக்கும்போது ஒலியின் வேகத்தையே எட்டாதது. தேவய்யாவின் விமானம் அடி வாங்கியது. ஆனாலும் அவர் எதிர்த்து நின்றார். தாழப் பறந்து சட்டென்று திரும்புவதில் மிஸ்டியருக்கே கை மேலோங்கும். அவர் சுட்டதில் ஸ்டார்ஃபைட்டர் விழுந்தது, அதன் விமானி பாராசூட்டில் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 32.

நம் தரப்பில் இந்தச் சண்டையை யாரும் பார்க்கவில்லை. காணாமல் போனவர் என்றுதான் பதிவானது. மனைவி சுந்தரிக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. 1979-இல் ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயர் எழுதிய போர் வரலாற்றில்தான் உண்மை வெளிவந்தது, அதுவும் பாகிஸ்தான் தரப்புத் தகவலாக. அங்குள்ள கிராமத்து மக்களே அவர் உடலை அடக்கம் செய்திருந்தார்கள்.

அதன் பின் உடன் பணியாற்றியவர்கள் விடாமல் எடுத்துச் சொல்ல, 1988-இல் மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. சுந்தரி அம்மா பெற்றுக்கொண்டார். 2025-இல் வந்த 'ஸ்கை ஃபோர்ஸ்' இந்திப் படம் இந்தச் சம்பவத்தைத் தழுவியதுதான்.

வங்கியில் வேலை பார்த்த எனக்கு இதில் ஒன்று புரிகிறது. விட்டுப்போன வரவு எத்தனை வருடம் கழித்துத் தெரிந்தாலும், உரியவர் கணக்கில் ஏற்றியே ஆக வேண்டும். எதிர்த்தரப்பின் ஏட்டில் இருந்தது என்பதற்காக அது பொய்யாகிவிடாது. நம் வளாகத்திலோ தெருவிலோ ராணுவத்தில் இருந்த பெரியவர்கள் இருந்தால், அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.