எட்டாவதாக வந்த அபேட்சகர்

1832-ம் வருஷம் மார்ச் மாதம். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் ராஜ்யத்தின் சட்டசபைக்கு நிற்கப்போவதாக ஒரு வாலிபர் அறிவித்தார். வயது 23. பள்ளிக்கூடத்தில் அவர் கழித்த நாட்களை எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. நியூ சேலம் என்ற ஆற்றங்கரைக் கிராமத்தில் குடியேறி ஒரு வருஷங்கூட ஆகவில்லை. குமாஸ்தாவாக இருந்த கடையோ மூடும் தறுவாயில் இருந்தது. சொத்து இல்லை, சுற்றம் இல்லை. அவர்தான் ஆப்ரஹாம் லிங்கன்.

ஸ்பிரிங்பீல்டு நகரத்துப் பத்திரிகையில் வெளிவந்த அவருடைய விண்ணப்பத்தில் படாடோபம் கிடையாது. ரயில் பாதை போடவேண்டும் என்று அப்போது பலர் பேசினார்கள். அதற்கு மதிப்பிட்ட செலவு 2,90,000 டாலர். கேட்டாலே மலைப்புத் தட்டும் தொகை. அதைவிட ஸாங்கமன் ஆற்றைச் சீர்படுத்திக் கப்பல் விடுவதே ஜில்லாவின் சக்திக்கு ஏற்றது என்று லிங்கன் வாதித்தார். அந்த ஆறு அவருக்குப் பழக்கமானது. முந்திய வருஷம் அவர் ஓட்டிவந்த படகு நியூ சேலம் மில் அணையில் ஏறி மாட்டிக்கொண்டது உண்டு. அநியாய வட்டிக்குத் தடை, எல்லோருக்கும் ஓரளவாவது படிப்பு என்பவை மற்றக் கோரிக்கைகள். தோற்றுப்போனாலும் பாதகமில்லை, ஏமாற்றம் தமக்குப் பழகிப்போன விஷயம் என்று முடித்திருந்தார்.

ஆற்றுத் திட்டத்துக்கு அப்போதே ஒரு பரீட்சை வந்தது. டாலிஸ்மன் என்ற நீராவிக் கப்பல் ஸாங்கமனில் புகுந்தது. லிங்கனும் மற்றவர்களும் கோடரியுடன் முன்னே சென்று, குறுக்கே தாழ்ந்திருந்த கிளைகளை வெட்டி வழி செய்தார்கள். ஸ்பிரிங்பீல்டு அருகே கப்பல் வந்து சேர்ந்ததும் ஊரே கொண்டாடியது. ஆனால் தண்ணீர் மளமளவென்று வடிந்துவிட்டது. திரும்பும்போது கப்பலை ஓட்டிச் செல்ல உதவியவர் லிங்கன். நியூ சேலம் அணையில் ஒரு பகுதியை இடித்துத்தான் அதை வெளியே கொண்டுபோக முடிந்தது. கூலியாக அவருக்கு 40 டாலர் கிடைத்தது. அவருடைய திட்டத்துக்கோ பலத்த அடி.

அடுத்த மாதம் யுத்தம். பறிபோன பூமிக்குத் திரும்பிய சிவப்பிந்தியத் தலைவர் பிளாக் ஹாக்கை எதிர்க்கத் தொண்டர் படை திரட்டப்பட்டது. லிங்கன் சேர்ந்தார், கூட வந்தவர்கள் அவரையே காப்டனாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் சண்டை எதையும் காணவில்லை. எதிரியைவிடக் கொசுவோடு போராடியதுதான் அதிகம் என்று பின்னாளில் தம்மைத் தாமே பரிகாசம் செய்துகொண்டார். ஜூலையில் விடுதலை கிடைத்தது. அதற்கு முந்தைய இரவு குதிரை களவு போய்விட்டது! கால்நடையாகவும் சிறு படகிலுமாக அவர் ஊர் வந்து சேர்ந்தபோது தேர்தலுக்குச் சில வாரமே பாக்கி.

ஜில்லாவோ மிகப் பெரிது. கை எட்டாத சட்டையும் வைக்கோல் தொப்பியுமாகச் சில இடங்களில்தான் அவரால் பேச முடிந்தது. ஒரு கூட்டத்தில் தம் சிநேகிதரைச் சிலர் தாக்குவதைக் கண்டு, மேடையிலிருந்து குதித்து, ஒருவனைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார் என்று சொல்வார்கள்.

ஆகஸ்டு 6-ம் தேதி ஓட்டுப் பதிவு. 4 ஸ்தானங்களுக்கு 13 அபேட்சகர்கள். லிங்கன் 657 ஓட்டுப் பெற்று எட்டாவதாக வந்தார். ஜயித்த நால்வரில் பீட்டர் கார்ட்ரைட் என்ற பாதிரியாரும் ஒருவர். (1846-ல் காங்கிரஸ் சபைத் தேர்தலில் அவரை லிங்கன் தோற்கடித்தது வேறு கதை.)

ஆனால் நியூ சேலம் கணக்கைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். அங்கே பதிவான 300 ஓட்டுகளில் 277 லிங்கனுக்கு! அந்நாளில் ரகசிய ஓட்டு கிடையாது. அபேட்சகரின் பெயரை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். லிங்கனோ ஹென்றி கிளேயின் பக்கம் என்பது ஊரறிந்த விஷயம். அதே ஊர், சில மாதங்களில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் கிளேயை விட ஜாக்ஸனுக்கு 115 ஓட்டு அதிகம் அளித்தது. கட்சியைப் பாராமல் ஆளைப் பார்த்துக் கொடுத்த ஓட்டுகள் அவை. ஜில்லாவின் மற்ற ஊர்களுக்கு லிங்கன் யார் என்றே தெரியாது.

தெரியவைப்பதற்கு அடுத்த இரண்டு வருஷங்கள் உதவின. அவர் கூட்டாக நடத்திய கடை நொடித்துக் கடன் மலையாய்க் குவிந்தது. 1833-ல் கிராமத்துப் போஸ்டு மாஸ்டர் வேலை கிடைத்தது. ஜாக்ஸன் சர்க்கார் எதிர்க்கட்சிக்காரருக்கு எப்படிக் கொடுத்தது? அது அவ்வளவு அற்பமான உத்தியோகம்! பிறகு நில அளவை வேலை. சங்கிலியைத் தூக்கிக்கொண்டு பண்ணை பண்ணையாக அலைந்தார். தபாலைத் தொப்பியில் செருகிக்கொண்டு போய்க் கொடுப்பார்.

1834-ல் மறுபடி நின்றார். இம்முறை அறிக்கை இல்லை. ஆட்களைத் தேடிப் போனார். ஒரு வயலில் அறுவடை செய்துகொண்டிருந்தவர்கள், தங்களோடு அறுக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு இல்லை என்றார்களாம். லிங்கன் அரிவாளை வாங்கி எல்லோருக்கும் முன்னால் அறுத்துக்கொண்டு போனதாக அவருடைய நண்பர் ஒருவர் நினைவுகூர்ந்தார்.

ஆகஸ்டு 4-ம் தேதி 1,376 ஓட்டுகளுடன் இரண்டாவது ஸ்தானம் கிடைத்தது.

சபைக்குப் போக நல்ல உடுப்பு வேண்டுமே! கோல்மன் ஸ்மூட் என்ற குடியானவரிடம் 200 டாலர் கடன் வாங்கினார். அதில் சுமார் 60 டாலருக்குத் தைத்த புது உடுப்பை அணிந்து, குதிரை வண்டியேறி, அந்நாளைய தலைநகரான வாண்டேலியாவுக்குப் புறப்பட்டார். டிசம்பர் 1-ம் தேதி சபை கூடியது. ஸ்மூட்டின் பணத்தைச் சொன்னபடியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.