மாதுங்கா பட்டறையிலிருந்து வந்த கவிஞர்

பம்பாய் மாதுங்கா ரயில்வே பட்டறையில் 1947-ல் வேலை பழக வந்தவர்களில் ஒருவர் சங்கர்தாஸ் கேசரிலால். இந்திப் பட உலகம் அவரைச் சைலேந்திரா என்றே அறியும். 1923-ல் ராவல்பிண்டியில் பிறந்து மதுராவில் வளர்ந்தவர். பகலெல்லாம் இரும்புச் சத்தம், ஓய்ந்த நேரத்தில் கவிதை.

ஒரு கூட்டத்தில் அவருடைய கவிதையைக் கேட்ட ராஜ்கபூர், படத்துக்குப் பாட்டெழுத அழைத்தார். கவிதையை விலைக்குக் கொடுக்க மனமின்றி மறுத்துவிட்டார் சைலேந்திரா. மனைவி கருவுற்றுப் பணமுடை வந்ததும் தாமே ராஜ்கபூரைத் தேடிப் போனார். 'பர்சாத்' (1949) படத்தின் இரண்டு பாட்டுக்கு 500 ரூபாய் கிடைத்தது. பிறகு 'ஆவாரா', 'ஸ்ரீ 420', 'கைடு' என்று வளர்ந்த புகழை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவ்வளவாகப் பேசப்படாதது அவர் சொந்தப் பணத்தில் எடுத்த 'தீஸ்ரீ கசம்'. பணீஸ்வர்நாத் ரேணுவின் சிறுகதையை பாசு பட்டாச்சார்யா இயக்கினார். கள்ளச் சரக்கு ஏற்றுவதில்லை, மூங்கில் ஏற்றுவதில்லை என்று பட்ட அனுபவத்தில் இரண்டு சபதம் செய்த வண்டிக்காரன் ஹீராமன், ஆட்டக்காரி ஹீராபாயைத் திருவிழாவுக்கு ஏற்றிச் செல்கிறான். வழிநெடுகக் கதையும் பாட்டும்தான். அவளைத் தெய்வமாகவே நினைக்கிறான் அந்த வெள்ளை மனசுக்காரன். அவளுக்கோ தன் பிழைப்பை நினைத்து உள்ளுக்குள் வேதனை. காதல் வசனத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கடைசியில் ரயில் நிலையத்தில், அவன் பத்திரமாக வைக்கக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறுகிறாள். ஆட்டக்காரியை இனி ஏற்றுவதில்லை என்பதே மூன்றாவது சபதம்.

ஹீராமனாக நடித்த ராஜ்கபூர் ஒரு ரூபாய்தான் சம்பளம் வாங்கினார் என்பார்கள். ஹீராபாய், செங்கற்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான். ஒளிப்பதிவு, சத்யஜித் ராயின் படங்களை எடுத்த சுப்ரதா மித்ரா. இத்தனை பேர் இருந்தும் படம் முடிய ஆண்டுக்கணக்கில் ஆயிற்று, கடன் ஏறியது. இருவரையும் சேர்த்து வைத்தால் படம் ஓடும் என்று வற்புறுத்தினார்கள். சைலேந்திரா இணங்கவில்லை. பிரிவை எடுத்துவிட்டால் சபதம் ஏது, கதைதான் ஏது?

1966-ல் வெளியான படம் ஓடவில்லை. கடனும் மனக்கவலையும் உடம்பைக் கெடுத்தன. அதே ஆண்டு டிசம்பர் 14-ம் தேதி, ராஜ்கபூரின் பிறந்த நாளன்று, 43-வது வயதில் சைலேந்திரா காலமானார். அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கம் 'தீஸ்ரீ கசம்' படத்துக்குக் கிடைத்தபோது அவர் இல்லை.