எக்ஸ்-ஒய் கோடு போட்ட மனுஷன்

ஃபர்ஸ்ட் இயர்ல இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பேப்பரைப் பார்த்துப் பயப்படாதவங்க ரொம்பக் கம்மி. மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஷீட்டின் நடுவில் ஒரு எக்ஸ்-ஒய் கோடு போட்டு, மேலே ஃப்ரன்ட் வியூ, கீழே டாப் வியூ வரைந்து, அழித்து அழித்தே ஷீட்டைக் கறுப்பாக்கின கூட்டம்தானே நாம! அந்தக் கோட்டுக்குப் பின்னாடி ஒருத்தரோட வாழ்க்கையே இருக்கு. அவர் பேர் காஸ்பார் மோன்ஜ்.

1746-ல் பிரான்ஸில், பர்கண்டி பகுதியில் உள்ள போன் என்ற ஊரில் பிறந்தார். (ஆமா, ஊர் பேரே போன்தான், சிரிக்காதீங்க.) அப்பா ஒரு சின்ன வியாபாரி. வசதி கிடையாது, ஆனால் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. மோன்ஜ் டீன் ஏஜிலேயே தன் ஊரை அளந்து ஒரு பெரிய வரைபடம் போட்டார். அளக்கும் கருவிகளையும் தானே செய்துகொண்டார். அந்தப் படம் ஒரு ராணுவ அதிகாரியின் கண்ணில் பட, மெஸியேர் நகரத்தில் இருந்த ராணுவப் பொறியியல் பள்ளியில் வேலை கிடைத்தது.

கவனிங்க, கிடைத்தது சீட் இல்லை, வேலை. அந்தப் பள்ளியில் அதிகாரியாகப் படிக்க உயர்குடிப் பிறப்பு வேண்டும். சாதாரண வியாபாரி மகனுக்கு அங்கே இடமில்லை. பிளான் வரைவது, பிளாஸ்டரில் கோட்டை மாடல் செய்வது, இதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. யோசிப்பது மேலே இருப்பவர்கள் வேலை, வரைவது கீழே இருப்பவர்கள் வேலை. அன்றைய கணக்கு அவ்வளவுதான்.

ஒருநாள் அவரிடம் ஒரு கோட்டையின் கணக்கு வந்தது. சுற்றியுள்ள மேடுகளில் எதிரி பீரங்கியோடு நின்றாலும் கோட்டைக்குள் இருப்பவர்கள் குண்டுக்குச் சிக்கக் கூடாது. அப்படியானால் சுவர் எங்கே, எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? வழக்கமாக இதற்குப் பக்கம் பக்கமாக எண்களைக் கூட்டிப் பெருக்குவார்கள். மோன்ஜ் அந்தக் கூட்டல் பெருக்கலை ஓரம் கட்டிவிட்டு, வரைந்தே விடை கண்டுபிடித்தார். சீக்கிரமே கொண்டுபோய்க் கொடுத்ததால், இவ்வளவு வேகமாக முடித்திருக்கவே முடியாது என்று அதிகாரி முதலில் அதைப் பார்க்கக்கூட மறுத்துவிட்டார். பிறகு சரிபார்த்தார்கள். விடை சரி!

அப்படி என்ன செய்தார்? நமக்கு இப்போ ரொம்பச் சாதாரணமாகத் தெரியும் விஷயம்தான். ஒரு பொருளை முன்னாலிருந்து ஒரு தளத்திலும், மேலிருந்து இன்னொரு தளத்திலும் பதிய வையுங்கள். இரண்டு தளங்களும் சந்திக்கும் கோட்டைக் கீல் மாதிரி வைத்து, ஒன்றைத் திருப்பி இன்னொன்றோடு சமமாகப் படுக்க வையுங்கள். அந்தக் கீல்தான் நம்ம எக்ஸ்-ஒய் கோடு. இப்போது முப்பரிமாணப் பொருள் மொத்தமும் ஒரே தாளில் வந்துவிட்டது. சாய்ந்து நிற்கும் கோட்டின் உண்மையான நீளம், இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று ஊடுருவும் இடத்தின் வளைவு, எல்லாவற்றையும் ஸ்கேலும் காம்பஸும் வைத்தே எடுத்துவிடலாம்.

பிளான், எலிவேஷன் வரைவது அவருக்கு முன்பே உண்டு. கல் தச்சர்களும் மரத் தச்சர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்ததுதான். ஆனால் வளைவுக்கு ஒரு வழி, படிக்கட்டுக்கு ஒரு வழி என்று ஒவ்வொன்றும் தனித்தனி வித்தையாக இருந்தது. அதற்கெல்லாம் அடியில் இருக்கும் பொதுவான வடிவியலை வெளியே எடுத்தவர் மோன்ஜ். இருபத்து சொச்சம் வயதிலேயே, தனக்குச் சீட் கொடுக்காத அதே பள்ளியில் பேராசிரியர் ஆனார். முறையை மட்டும் ராணுவ ரகசியம் என்று பல வருடம் பூட்டி வைத்துவிட்டார்கள்.

பூட்டைத் திறந்தது பிரெஞ்சுப் புரட்சி. மோன்ஜ் கொஞ்ச காலம் கடற்படை அமைச்சராகவும் இருந்தார். போருக்குப் பீரங்கி தேவைப்பட்டபோது, அதை வார்ப்பது எப்படி என்று படங்களோடு ஒரு புத்தகமே எழுதிப் பட்டறைகளுக்கு அனுப்பினார்கள். அதை எழுதியவரும் அவர்தான். 1794-ல் எகோல் பாலிடெக்னிக் உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1795-ல் பாரிஸில் தன் முறையை வெளிப்படையாகப் பாடம் நடத்தினார். 1799-ல் அது புத்தகமாகவும் வந்தது. யோசிப்பவர், வேலையை நடத்துபவர், கையால் செய்பவர் மூவருக்கும் பொதுவான ஒரு மொழி தேவை, வரைபடம்தான் அந்த மொழி என்பது அவர் கருத்து. கீழே உட்கார்ந்து வரைந்த ஆளுக்குத்தானே அது புரியும்!

1798-ல் நெப்போலியனோடு எகிப்து போனார். தாகத்தில் தவித்த வீரர்களை ஏமாற்றிய கானல் நீருக்கு, சூடான மணலை ஒட்டிய காற்றில் ஒளி வளைவதுதான் காரணம் என்று விளக்கம் எழுதினார்.

நெப்போலியன் வீழ்ந்ததும் இவரும் வீழ்ந்தார். திரும்பி வந்த மன்னராட்சி 1816-ல் அவரை அறிவியல் அகாடமியிலிருந்து நீக்கியது. 1818-ல் இறந்தபோது, பாலிடெக்னிக் மாணவர்கள் இறுதி ஊர்வலத்துக்குப் போகக்கூட அனுமதி கிடைக்கவில்லை. பசங்க விடல. அடுத்து வந்த லீவு நாளில் கூட்டமாகக் கல்லறைக்குப் போய் மாலை வைத்து வந்தார்கள். 1989-ல் அவர் உடல் எச்சங்களைப் பாரிஸின் பாந்தியோனுக்கு மாற்றி, அரசே மரியாதை செய்தது.

இப்போ நம்மகிட்ட கேட் சாஃப்ட்வேர் இருக்கு. ஒரு கிளிக்கில் மூன்று வியூவும் வந்துவிடும். அது வரைந்து கொடுக்கும், ஆனால் என்ன வரைய வேண்டும் என்று யோசித்துக் கொடுக்காது. அதனால அடுத்த புராஜெக்டுக்கு லேப்டாப்பைத் திறக்கும் முன்னால், ஒரு பழைய ரெக்கார்ட் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு எக்ஸ்-ஒய் கோடு போட்டுப் பாருங்க. கோணல்மாணலா வந்தாலும் பரவாயில்ல. டிசைன்ல எது இடிக்குதுன்னு அங்கேயே பாதி தெரிஞ்சிடும்.