அலைகளை ஆராய்ந்த அறிஞர் இராமன்

ஒகேனக்கல் அருவி பேரொலி எழுப்புகிறது. ஆயினும் அதற்குச் சுருதி கிடையாது. மிருதங்கத்தை விரலால் தட்டினாலோ சுருதி பிறக்கிறது. இரண்டும் காற்றில் வரும் அலைகளே. அப்படியானால் வேறுபாடு எங்கே? மிருதங்கத்தின் இந்த இரகசியத்தை ஆராய்ந்தவர் நம் தமிழ்நாட்டவரான சர் சி. வி. இராமன்.

1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், வயலினும் வாசிப்பார். விசாகப்பட்டினத்துப் புனித அலோசியஸ் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்ற இராமன், 1907 இல் கல்கத்தாவில் அரசுக் கணக்குத் துறை அதிகாரியானார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடமே அவருக்கு வீடு!

சாதாரண முரசின் தோலில் எழும் பல அதிர்வுகளின் அதிர்வெண்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே கறுப்பாக அப்பியிருக்கும் கரணை இதைத் திருத்துகிறது. நடுவில் எடை கூடுவதால் அதிர்வெண்கள் 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்துக்கு வருகின்றன. வீணைத் தந்தியிலும் இதே விகிதம்தான். அருவியிலோ எல்லா அதிர்வுகளும் ஒழுங்கின்றிக் கலந்துவிடுகின்றன. இராமன் தோலின்மேல் நுண்மணல் தூவி அதிரச் செய்தார். அசையாத கணுக்கோடுகளில் மணல் ஒதுங்கி நின்று வடிவம் காட்டியது. இவ்வாய்வுகளை 1920 இலும் 1934 இலும் வெளியிட்டார். கரணையைக் காதாலேயே கண்டறிந்த அந்தப் பழங்கால வாத்தியம் செய்வோரின் பெயர்தான் நமக்குத் தெரியாமற் போயிற்று.

ஒலி நெட்டலை, பரவ ஓர் ஊடகம் வேண்டும். ஒளி குறுக்கலை, வெற்றிடத்திலும் செல்லும். 1921 இல் கப்பலில் கண்ட மத்தியதரைக் கடலின் நீலம் இராமனை ஒளிச்சிதறல் பக்கம் இழுத்தது. ஒரே நிற ஒளியைத் திரவத்தில் செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி அலைநீளம் மாறி வருவதை 1928 பிப்ரவரி 28 இல் கண்டார். 1930 இல் நோபல் பரிசு பெற்றார். 1970 நவம்பர் 21 இல் பெங்களூரில் மறைந்தார்.

பெண்களாகிய நாம் இன்னொன்றையும் மறைக்கலாகாது. 1933 இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராயிருந்த இராமன், கமலா பகவத் என்னும் மாணவிக்குப் பெண் என்பதாலேயே இடம் மறுத்தார். கமலா விடவில்லை. ஓராண்டு சோதனை என்ற நிபந்தனையோடு சேர்ந்து, திறமையால் வென்று, 1939 இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1940 இல் அன்னா மணி என்னும் இளம்பெண் இராமனின் ஆய்வுக்கூடத்திலேயே அமர்ந்து, வைரத்திலிருந்து வரும் ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.